சாரல் பெட்டி

அந்த வருஷம் சாரல் வரவில்லை. குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், அந்த ஆனி மாதம் எங்கள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துவிடும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நம் வயதில் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மேலகரம் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஒரு வீடும் இருந்தது. வயல் சோறு போட்டது, மற்ற எல்லாவற்றையும் வீடுதான் பார்த்துக்கொண்டது. வைகாசி கடைசியில் வெள்ளையடித்து முன்பக்கத்து அறைகளைக் காலி செய்துவிட்டு நாங்கள் பின்கட்டுக்குப் போய்விடுவோம். முன்பக்கம் சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு. பின்கட்டில் சமையல், படுக்கை, நெல் மூட்டை, என் பாடப் புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில்தான். சுவரில் ஈரம் ஏறி, புத்தக அட்டை எல்லாம் பூசணம் பிடித்துக் கிடக்கும். அந்த வாடையை முகர்ந்துகொண்டே படித்துத்தான் நான் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்தேன்.

சீசன் வீட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மற்றத் தெருக்களில் எப்படியோ, எங்கள் தெருவில் இப்படி. பேரருவி நடுவழியில் விழுகிற பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழி நிரம்பி, அருவி சத்தத்தோடு விழ ஆரம்பித்த மறுநாள், வருஷா வருஷம் வருகிற குடும்பத்துக்கு ஓர் ஓலைப்பெட்டி போகும். பெட்டிக்குள் மங்குஸ்தான் பழம், அதன்மேல் ஒரு வாழையிலைத் துண்டு, இலைமேல் ஒரு கை செண்பகப்பூ. பெட்டியை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். கடுதாசி கிடையாது, வாய்ச்செய்தியும் கிடையாது. பெட்டி வந்துவிட்டால் சாரல் விழுந்துவிட்டது, புறப்பட்டு வாருங்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் லீவு போடுவதும் படுக்கையைக் கட்டுவதும்.

இந்தப் பெட்டி விஷயத்தில் அப்பா ரொம்பக் கறார். எதிர்வீட்டுக்காரர் ஒரு வருஷம் மேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவசரப்பட்டுப் பெட்டியை அனுப்பிவிட்டார். மதுரையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, அவரைத் தெருவில் நிறுத்தி வைத்துப் பேசிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நிலையாக எந்தக் குடும்பமும் வரவில்லை. "பொய்ப்பெட்டி விட்டவன் வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கப்படாது" என்று அப்பா சொல்வார். சொன்னபடியே அவர் அந்த வீட்டுக் கல்யாணத்தில் மோர்கூடக் குடிக்காமல் வந்தார்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர் ஒரு புரொபசர். திருநெல்வேலியில் ஏதோ ஒரு காலேஜில் இருந்தார். என்ன பாடம் நடத்தினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. புரொபசர் என்றால் எல்லாம் தெரிந்தவர், அவ்வளவுதான். அவர் கண்ணாடி, அவர் வாசிக்கும் இங்கிலீஷ் பேப்பர், குளித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் விடுகிற ஏப்பம் எல்லாவற்றிலுமே அப்பாவுக்கு ஒரு படித்த களை தெரிந்தது. முந்தின வருஷம் அவர் பின்கட்டுப் பக்கம் வெந்நீர் கேட்டு வந்தபோது, நான் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்லாப் படி. பாஸாயிட்டேன்னா மேக்கொண்டு என்ன படிக்கன்னு நான் சொல்லுதேன்" என்றார். வெந்நீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு திரும்பியதுமே அவர் அதை மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை.

நான் பாஸாகிவிட்டேன். அப்பா தென்காசி ஸ்டேஷனில் பேப்பர் வாங்கி, என் நம்பர் இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தியபடியே வீடு வரைக்கும் வந்தார். வியர்வையில் மை கலைந்து, வீட்டுக்கு வந்தபோது நம்பர் பேப்பரில் இல்லை, அப்பாவின் விரலில் இருந்தது. எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான முதல் பெண் நான்தான். அம்மா எனக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு, "அடுத்தாப்பில என்ன?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"புரொபசர் வரட்டும்" என்றார் அப்பா.

புரொபசர் வர வேண்டுமானால் பெட்டி போக வேண்டும். பெட்டி போக வேண்டுமானால் சாரல் விழ வேண்டும். இப்படித்தான் என் படிப்பு மேகத்தின் கையில் போய்ச் சேர்ந்தது.

அந்த ஆனி மாதத்து வெயிலை இன்றைக்கும் என் முதுகில் உணர்கிறேன். சாதாரணமாக அந்த மாதத்தில் துணி காயாது, உப்பு நீர்விட்டுப்போகும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த வருஷம் கொடியில் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. அதை வீட்டில் துக்கமாகப் பேசிக்கொண்டோம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்தது. மேகம் மலை உச்சி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பேரருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறை, பாறையில் குரங்கு. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. முதலில் போஸ்ட்மாஸ்டர் வந்தார். "டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் சேத்துவிடுங்க அண்ணாச்சி, தென்காசியிலயே இருக்கு. ஆறே மாசத்துல கவர்மெண்டு உத்தியோகம்" என்றார். அன்றைக்கு முழுவதும் நான் அம்மிக்கல்லின்மேல் விரலைத் தட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் செங்கோட்டை அத்தை வந்தாள். மலையாளத்துப் பேச்சு அவளுக்குப் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. "அங்கன எல்லாக் கொச்சுப் பிள்ளைகளும் நர்ஸுக்குத்தான் போகுது. வெள்ள உடுப்பு, மாசச் சம்பளம், என்ன குறச்சல்?" என்றாள். உடனே நான் நர்ஸாகிவிட்டேன். கன்றுக்குட்டியின் காலில் இருந்த புண்ணுக்குத் துணி சுற்றப் போய் உதை வாங்கினேன். அதோடு நர்ஸ் ஆசை போயிற்று, ஆனால் எங்கே போயிற்று, அதற்குப் பதில் என்ன வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை, பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் காலேஜின் அப்ளிகேஷனையே கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். பி.யு.சி. என்று காலேஜில் ஒரு வருஷப் படிப்பு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதில் குரூப் குரூப்பாகப் பிரித்திருந்தார்கள். கணக்கு முதல் குரூப், செடி கொடி உயிரினம் இரண்டாவது, சரித்திரம் மூன்றாவது. "இவளுக்குச் சரித்திரம் நல்லா வருது, மூணாவது குரூப் கேளுங்க" என்று டீச்சர் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. டீச்சர் இருக்கிறவரை மரியாதையாகக் காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து குதித்தார்.

"எம் மவ என்ன மூணாந்தரமா? பாஸாயிருக்கால்லா? அப்புறம் என்ன மூணு? ஒண்ணு குடுக்கச் சொல்லு!"

அம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அது அப்படி இல்லை என்று லேசாகத் தெரியும், ஆனால் எப்படி என்று தெரியாது. இதையும் புரொபசரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று அப்ளிகேஷனை ஆணியில் தொங்கிய மஞ்சள் பைக்குள் போட்டு வைத்தார்கள். நான் தினமும் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். எனக்குப் படிக்க வேண்டும். அது மட்டும் நிச்சயம். என்ன படிக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஆனி முடியப் போகிற சமயத்தில் டீச்சர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். காலேஜில் சேர வருகிற திங்கட்கிழமைதான் கடைசி நாள். ஆள் வந்த அன்றைக்கே மத்தியானம் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு அப்பாவின் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துருங்களேன்."

"வீடு வாடகைக்கு விட்டவன் அவுக வாசல்ல போய் நின்னா என்ன நெனப்பாரு? அட்வான்ஸ் கேட்டு வந்திருக்கான்னுதான் நெனப்பாரு."

"அப்போ ஒரு கார்டு போடுங்க."

"கார்டுல கேக்க விஷயமாட்டி இது? மனுசன் அருவியில குளிச்சு, வயிறாரச் சாப்பிட்டு, வெத்தல போட்டு, மனசு குளுந்து இருக்கையில கேக்கணும். அப்பந்தான் நல்ல வாக்கு வரும்."

"சாரல் வராட்டா?"

"வராம எங்க போவுது?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்பா வயலுக்குப் போனதும் அவள் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது மடியில் மங்குஸ்தான் இருந்தது. மழை இல்லாத வருஷத்துப் பழம், சிறுத்து, கல்லாக இருந்தது. செண்பகம் எங்கே கிடைத்தது என்று தெரியவில்லை. பரணில் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து, பழத்தை அடுக்கி, இலையை மூடி, பூவை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எம்மா, சாரல் வரலையே?"

"ஏட்டி, வாய மூடிக்கிட்டு இரி. அப்பாட்ட மூச்சு விடாத."

பஸ் ஸ்டாண்டுக்கு அவளே போய்க் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் அப்பாதான். பொய்ப்பெட்டி என்றால் என்ன என்று அம்மாவுக்கும் தெரியும். அவள் அன்றைக்கு என்ன நினைத்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்திருப்பாள் என்று இப்போதும் யோசிக்கிறேன். எனக்காகத்தான் செய்தாள் என்று சொல்லி மகிழ்ந்துகொள்ளலாம். அப்பாவின் பிடிவாதத்தின் மேல் இருந்த கோபத்தில் செய்தாளா என்றும் தோன்றுகிறது.

புரொபசர் சனிக்கிழமை வந்து இறங்கினார், மனைவி, டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள் சகிதமாக. அப்பா வயலில் இருந்தார். அவசரக்காரர் புரொபசர். வீட்டுக்குள் வந்ததும் கோவணத்தைக் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயை அப்பிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு அருவிக்கு நடந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். கடைத்தெருவில் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். சீசனுக்கு வந்தவருக்குக் கிடைக்கிற மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே போனார்.

அருவிக்கரையில் போய் நின்றார். உடம்பிலிருந்து எண்ணெய் சொட்டியது. எதிரே பாறை வறண்டு கிடந்தது. குரங்குகூட அவரைப் பார்த்து நகரவில்லை. எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் எழுந்து ஓடிவந்து, அவர் ஏற்கெனவே தேய்த்துக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். அப்போதுதான் அப்பா மண்வெட்டியோடு அந்த வழியாக வந்தார். தினமும் வயலிலிருந்து திரும்பும்போது பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம்.

"என்னவே இது?" என்றார் புரொபசர். "பெட்டி வந்துதே?"

அப்பா புரொபசரைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. எங்கள் வீட்டில் பெட்டி அனுப்பக்கூடியவர்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் அவர்.

"நாந்தான் குடுத்துவிட்டேன், ஐயா" என்றார் அப்பா.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டுக்காரரும் நின்றார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

எண்ணெயோடு விட முடியாதே. எங்கள் வீட்டுக் கிணற்றடியில்தான் புரொபசர் குளித்தார். அப்பா வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். சீயக்காய் கண்ணில் பட்டுப் புரொபசர் வைதுகொண்டிருந்தார். மனசு குளிரும்போது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வியை அப்பா அப்போது கேட்டார். வேறு வழியில்லை, நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

"ஐயா, பிள்ள பாஸாயிட்டா. எந்தக் காலேஜு, எந்தக் குரூப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

புரொபசர் முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இதக் கேக்கவா வே பெட்டி குடுத்துவிட்டீரு? ஒரு கார்டு போட்டா ஒரு கார்டுல பதில் எழுதியிருப்பனே!"

அப்பா வாளியோடு நின்றார்.

"இதுல சொல்லதுக்கு என்ன இருக்கு? எங்க எடம் கெடைக்கோ அங்க சேத்துவிடும். எந்தக் குரூப்பு குடுக்கானோ அதப் படிக்கட்டும். ஊத்தும்வே, கண்ணு எரியுது."

வீடே காத்திருந்த வாக்கு அவ்வளவுதான். அந்தப் பெண்கள் காலேஜில் யாரையாவது தெரியுமா என்று அப்பா மெதுவாகக் கேட்டார். வாசல் காவல்காரனைக்கூடத் தெரியாது என்றார் புரொபசர். மறுநாள் காலையில் படுக்கையைக் கட்டிக்கொண்டு போனவர்தான், எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரவேயில்லை.

இப்போது பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய சிநேகிதர்களும் என்னிடம் வந்து எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். நரைத்த தலையைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நான் புரொபசர் சொன்னதையேதான் சொல்கிறேன். அது நல்ல யோசனையா, கண் எரிச்சலில் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

புரொபசர் கிணற்றடியில் குளித்த அன்று சாயங்காலம் அப்பா பின்கட்டில் கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பூ எங்க கெடச்சுது?"

"மலையிலேருந்து தேன்காரி கொண்டுவந்தா."

"ம்" என்றார். அவ்வளவுதான். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் போனோம். மஞ்சள் பை என் மடியில். காலேஜ் வராந்தாவில் நீள வரிசை. எங்கள் முறை வந்தபோது முதல் குரூப்பும் இரண்டாவதும் நிரம்பிவிட்டன, மூன்றாவதில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அப்பா என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் பார்த்ததேயில்லை. கேட்பதற்குப் பக்கத்தில் போஸ்ட்மாஸ்டர் இல்லை, அத்தை இல்லை, புரொபசர் இல்லை.

"என்னட்டி செய்ய?" என்று என்னைக் கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்கிறார்.

"தெரியலப்பா. ஆனா திரும்பி வீட்டுக்குப் போவாண்டாம்."

அப்பா மஞ்சள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு போய் வரிசையில் நின்றார். இப்படியாக நான் மூன்றாந்தரத்தில் சேர்ந்தேன். சரித்திரம்தான் படித்தேன், பின்னால் பள்ளிக்கூடத்தில் அதையேதான் சொல்லியும் கொடுத்தேன்.

நான் சொன்ன அந்த வார்த்தை அப்பாவுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று ஹாஸ்டலில் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது. காலேஜை விட்டு வர வேண்டாம் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன். வீடே வேண்டாம் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று உருண்டு புரண்டேன். அங்கே தண்ணீர் உப்பாக இருந்தது. காற்றில் புழுதி. குற்றாலத்துப் பெண் என்று தெரிந்ததும் எல்லோரும் அருவியைப் பற்றிக் கேட்டார்கள். நானும் ஓடுகிற மாதிரியே சொல்லிவைத்தேன்.

ஆடி பிறந்து சில நாட்கள் இருக்கும். காவல்காரர் வந்து, தென்காசி பஸ் கண்டக்டர் வாசலில் கூப்பிடுவதாகச் சொன்னார். ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் அண்ணாச்சி கையில் எங்கள் ஓலைப்பெட்டி. மூடியைத் தூக்கினேன். செண்பக வாசனை முகத்தில் அடித்தது. இலைக்குக் கீழே மங்குஸ்தான்.

"சாரல் வந்துட்டா அண்ணாச்சி?"

"சாரலா?" என்று அவர் சிரித்தார். "அங்கன பாற காஞ்சுல்லா கெடக்கு. இந்த வருசம் அவ்வளவுதான் தாயி. உங்கப்பா குடுக்கச் சொன்னாரு, குடுத்துட்டேன்."

"அப்பா குடுத்தாகளா, அம்மா குடுத்தாகளா?"

"அப்பாதான். காலையிலேருந்து ஸ்டாண்டுலயே நின்னாரு."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லலையே."

பஸ் போய்விட்டது. பழத்தை அழுத்திப் பார்த்தேன், கல்லாக இருந்தது. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். பெட்டி வந்தால் புறப்பட்டு வா என்று அர்த்தம், ஆனால் சாரல் இல்லையே, யாரிடம் யோசனை கேட்பது? சனிக்கிழமை ஹாஸ்டலில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு தென்காசி பஸ் ஏறினேன்.

குற்றாலத்தில் இறங்கியபோது அப்பா ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். வேட்டியெல்லாம் புழுதி. அவருக்குப் பின்னால் மலை வெயிலில் அப்படியே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சாரலே இல்லையே, எதுக்குட்டி வந்தே?" என்றார்.

என் கையில் இருந்த பையையும், காலிப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.